பொதுச் சுகாதாரம் படிக்க எந்த ஊர்?

பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்குச் சென்னையா, திருவனந்தபுரமா, மும்பையா என்று தயங்கும் மாணவர்கள் பலர் கட்டணத்தையும் தரவரிசையையும் மட்டுமே ஒப்பிடுவது வருத்தம் தருகிறது. இந்தப் படிப்பில் ஊரும் பாடத்தின் ஒரு பகுதி.

திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் 1997-லேயே இப்படிப்பைத் தொடங்கியது. முதியோர் மிகுந்த, நீரிழிவு பரவலாக உள்ள கேரளம் நாட்பட்ட நோய்களை ஆராய ஏற்ற களம். நோய்ப்பரவலின் தடம் தேட விரும்புவோருக்குச் சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் பொருந்தும். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் அதற்கெனத் தனி இயக்ககமும் உள்ள தமிழ்நாட்டில், கொசு ஒழிப்பு முதல் குடிநீர்ப் பரிசோதனை வரை அரசுப் பணி நடக்கும் விதத்தை அருகிலிருந்து கற்கலாம். வறுமையும் வீட்டுவசதியும் நோயைத் தீர்மானிக்கும் விதம் அறிய மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் உண்டு.

இவற்றைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. மருத்துவரல்லாத பட்டதாரிகளும் இப்படிப்பில் சேர்கிறார்கள். ஆனால் அரசின் பல பொதுச் சுகாதாரப் பணிகளுக்கு மருத்துவப் பட்டம் கட்டாயம். இதைச் சேர்க்கைக்கு முன்பே சொல்ல வேண்டியது கல்வி நிறுவனங்களின் கடமை. 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, பல துறையினரையும் உள்ளடக்கிய பொதுச் சுகாதார மேலாண்மைப் பணிப்பிரிவை எல்லா மாநிலங்களிலும் அமைக்கச் சொன்னது. அந்தப் பணியிடங்களை மாநில அரசுகள் தாமதமின்றி உருவாக்கட்டும்.