“ஒரு தோட்டத்துப் பிள்ளை கிடைக்குமோ?”

அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியை அண்டிய தேயிலை மலைகளுக்கிடையே டயகம என்று ஓர் ஊர் இருப்பதை, 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கு முன் நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அவ்வூரிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி ஒருத்தி, தீக்காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அம்மாதத்தில் உயிர்நீத்தாள். டயகமவில் அடக்கம் செய்த உடலைத் தோண்டியெடுத்து இரண்டாம் முறையும் பரிசோதித்தனர். நாடெங்கும் கண்டனக் குரல் எழுந்தது. அச்சாவுக்குப் பொறுப்பாளி யார் என்பது நீதிமன்றத்துக்குரிய கேள்வி. அதனுள் நாம் புகோம். ஆனால் எந்த நீதிமன்றத்தின் முன்னும் வராத கேள்வி ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றவுடன் நம்மவர் மனம் ஏன் நேரே தேயிலை மலைக்கு ஏறுகிறது?

யாழ்ப்பாணத்து வைத்தியர், வெள்ளவத்தையில் வீடு கட்டிய கணக்காளர், ஓய்வுபெற்ற அதிபர்: எல்லோரும் நல்லவர், கோயிலுக்கும் கொடுப்பவர், வெள்ள நிவாரணத்துக்கும் கொடுப்பவர். தோட்டப் பகுதியில் தொழில் பார்க்கும் நண்பரைக் கண்டதும் இவர்கள் வாயில் ஒரு வேண்டுகோள் தானாகவே வந்துவிடுகிறது: “உங்கட பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை கிடைக்குமோ?” சாவகச்சேரியில் பணிபுரியும் நண்பரிடம், “உங்கட பக்கம் ஒரு பிள்ளை கிடைக்குமோ?” என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் என்ன நிகழும் என்பதை அவர்கள் அறிவர்.

இது இளக்காரம் என்று சுட்டிக்காட்டினால் அவர்கள் உண்மையாகவே மனம் நோவர். “எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரியெல்லோ வைச்சிருக்கிறம்!” என்பர். அதில் பொய்யில்லை. சோறு ஒரே பானைச் சோறு. கறி ஒரே சட்டிக் கறி. கோப்பை மட்டும் வேறு. படுக்கை குசினியின் பக்கம். காலையில் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் புறப்படுகையில், ‘வீட்டுப் பிள்ளை மாதிரி’யான பிள்ளை அதன் சப்பாத்தைத் துடைத்துக் கொடுக்கிறாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது எவர் கண்ணிலும் உறுத்துவதில்லை. உறுத்தாமையே நோய்.

சட்டம் இங்கு நமக்குப் பெரிதும் துணைவராது. குற்றவியற் சட்டம் கருத்தைத் தேடும். தீய கருத்து இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் கைகட்டி நிற்கும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பேரால் தேநீர்க்கடையில் ஒருவனுக்கு இடம் மறுத்தவனைத் தண்டிக்க வழி செய்தது. வீட்டு அலுமாரியில் புறம்பாக வைக்கப்பட்ட கோப்பையை எந்தச் சட்டம் விசாரிக்கும்? 2021இல் திருத்தச் சட்டமொன்று வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக உயர்த்தியது, நல்லதே. வயதைச் சட்டம் அளக்கலாம். அவ்வேலைக்கு ‘ஏற்றவர்’ எந்த மலையில் பிறந்தவர் என்று நம் மனம் செய்யும் தீர்ப்பை அது அளக்க இயலாது.

அமெரிக்க உளவியலாளர் அந்தனி கிரீன்வால்டும் அவரோடு உழைத்தோரும் 1998இல் அம்மனத்தையே அளக்க முற்பட்டனர். ஒரு பெயரோடு நல்ல சொல்லையோ தீய சொல்லையோ கை எவ்வளவு விரைவாக இணைக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. சமத்துவத்தை வாயாரப் பேசுவோர் பலரின் கையும் அதில் தடுமாறிற்று. அவ்வளவுகோல் எவ்வளவு சரியானது என்பதில் அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. நமக்கோ இயந்திரம் வேண்டியதில்லை. நம் நாவே போதும். மலையகத்து ஆசிரியை ஒருவரைப் பார்த்து, “நீங்கள் தோட்டப்பக்கமோ? கதையில தெரியேல்லையே!” என்று நாம் வியக்கிறோமே, அதைப் பாராட்டு என்றல்லவா எண்ணிச் சொல்கிறோம்!

கமக்காரரும் இதற்குப் புறம்பானவர் அல்லர். 1977இலும் 1983இலும் இனக்கலவரத் தீக்குத் தப்பி மலைநாட்டுத் தமிழர் வன்னிக்கு வந்தனர். கட்டிடக் கலைஞர் டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தீயம் 1977இல் வந்தோரைக் குடியமர்த்த உழைத்தது; இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வந்தவர்கள் காடு வெட்டினர், நாற்று நட்டனர், அருவி வெட்டினர். இன்றும் வயல் வரம்பில் நின்று, நரைத்த தலையோடு வரும் அம்மனிதரை “டேய்” என்று அழைக்கும் கமக்காரர் உண்டு. அவரோ கமக்காரரின் பன்னிரண்டு வயது மகனைத் “தம்பி, வாங்கோ” என்கிறார். பேரன் காலம் வந்தும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் அக்குடும்பத்தை விட்டு நீங்கவில்லை.

1948இல் பிரசாவுரிமை போயிற்று; 1949இல் வாக்குரிமை போயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. கொழும்பு அரசு தன் ஏட்டைத் திருத்துவதற்கு 55 ஆண்டு எடுத்தது என்று நாம் மேடையேறிக் குற்றஞ்சாட்டுகிறோம், சாட்டத்தான் வேண்டும். நம் வாயிலுள்ள சொல்லைத் திருத்த நமக்கு எத்தனை ஆண்டு? கொழும்புக் கடைகளில் வேலைபார்க்கும் மலையக இளைஞர், ஊர் எதுவென்று கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கி, “கண்டிப் பக்கம்” என்கின்றனர். அவர்களுக்கு அப்பாடத்தைக் கற்பித்தவர் சிங்களவர் மட்டுமா?

டயகமவின் பெயர் அதற்கு முன்னரும் ஒருமுறை நாட்டில் ஒலித்தது. 1956இல் அத்தோட்டத் தொழிலாளரின் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர் ஏபிரகாம் சிங்கோ. அவர் சிங்களவர். தமிழ்த் தொழிலாளரோடு தோளோடு தோள் நிற்க அவருக்கு மொழியும் தடையாகவில்லை, இனமும் தடையாகவில்லை.

தரகரை நாடும் எண்ணத்தோடு இருப்பவருக்கு ஒரு வார்த்தை. பள்ளிப் பருவத்துப் பிள்ளையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வளர்ந்தவர் என்றால், சம்பளம், வேலை நேரம், வார ஓய்வு, ஊருக்குப் போய்வரும் நாள் ஆகியவற்றை அவரோடு நேரில் பேசி எழுத்தில் வையுங்கள். அப்பத்திரத்தின் ஒரு பிரதி அவர் கையிலும் இருக்கட்டும். அவருடைய பெயரைக் கேட்டு, அப்பெயரால் அழையுங்கள். கோப்பையை எந்தத் தட்டில் வைப்பது என்பதை அவர் வருவதற்கு முன்னரே வீட்டார் கூடித் தீர்மானித்துக் கொள்ளலாம்.