சின்னமுத்து ஏன் இரண்டாந்தடவை வருவதில்லை?

"சாச்சியின் பிள்ளைக்குச் சின்னமுத்து வந்து தானாகச் சுகமாகிவிட்டது. இனி வராது என்கிறார்கள். அப்படியானால் ஊசி எதற்கு?" என்று பசறைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் முதற்பாதி சரிதான்.

கி.பி. 865இல் ரை நகரில் பிறந்த மருத்துவ மேதை அர்ராஸி, பெரியம்மையையும் ஹஸ்பா எனும் சின்னமுத்தையும் பிரித்தறிந்து தனி நூலே எழுதினார். திராட்சைச் சாறு கொதித்து அடங்குவதுபோல் பிள்ளைகளின் இரத்தமும் பக்குவப்படுவதால்தான் பெரியம்மை மறுபடி வருவதில்லை என்று அவர் நினைத்தார். விளக்கம் இன்று மாறிவிட்டது, கவனித்தது மாறவில்லை. வட அத்திலாந்திக் கடலின் பரோ தீவுகளில் 1781இல் சின்னமுத்து கண்டவர்களுள் ஒருவரையும், 65 ஆண்டுகள் கழித்து 1846இல் திரும்பி வந்த அதே நோய் தொடவில்லையாம்!

பிள்ளைக்குக் காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமல்லவா? அந்த நெறிதான் படைமுகாம். கிருமியின் துண்டுகளை அங்கே கொண்டுபோய்க் காட்டுவதற்கென்றே சில அணுக்கள் உண்டு. அங்கிருக்கும் வெள்ளணுக்கள் ஒவ்வொன்றும் ஒரேயொரு வடிவத்தை மட்டும் இனங்காணும். கோடிக்கணக்கானவற்றுள் பொருந்துகிற சில மட்டும் ஒன்று பலவாகப் பெருகும். ஒரு பிரிவு கிருமி புகுந்த அணுக்களைக் கொல்லும். இன்னொரு பிரிவு பிறபொருளெதிரியைச் சுரக்கும். புதுக் கிருமியென்றால் இதற்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். பிள்ளை அவதிப்படுவது அந்த நாட்களில்தான். நோய் தீர்ந்தபின் ஒரு சிறு கூட்டம் ஞாபகமாக நின்றுவிடும். சுப்ஹானல்லாஹ்!

ஆனால் சின்னமுத்து ஒரு கள்ளன். அந்த ஞாபக அணுக்களுக்குள்ளேயே புகுந்து அழிக்கிறது. ஊசி போடாத 77 ஒல்லாந்துப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2019இல் வெளிவந்த ஆய்வில், வேறு நோய்களுக்காக முன்பு சேர்ந்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 வீதம் வரை அவர்களிடம் காணாமற்போயிருந்தன. சாச்சியின் பிள்ளைக்குச் சின்னமுத்து இனி வராதிருக்கலாம். நியூமோனியாவைத் தடுக்கும் பலம் குறைந்திருக்கும். ஊசியிலுள்ள பலவீனமாக்கிய வைரஸோ சின்னமுத்தின் ஞாபகத்தைத் தருகிறது, மற்றதை அழிப்பதில்லை.

ஒன்பதாம் மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? உம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வந்த பிறபொருளெதிரி அதுவரை ஊசி மருந்தையே முறியடித்துவிடக்கூடும். மூன்று வயதில் இரண்டாம் ஊசி, முதலாவது பிடிக்காத பிள்ளைகளுக்காக.

ஜெலட்டின் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 1995 மே மாதம் குவைத்தில் உலமாக்களும் மருத்துவர்களும் கூடி ஆராய்ந்தார்கள். ஒரு பொருள் முற்றிலும் வேறாக மாறிவிட்டால் அதன் ஹுக்மும் மாறும் என்ற 'இஸ்திஹாலா' அடிப்படையில், அத்தகைய ஜெலட்டின் சுத்தமானதே என்று முடிவு கூறினார்கள். மருந்து செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதையும் நாம் அறிவோம்.

1984இல் சின்னமுத்து ஊசி நம் நாட்டுக்கு வந்தது. 2019இல் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் திரும்பவும் தலைகாட்டியது. நோயாளி இருமிய காற்றில் இரண்டு மணிநேரம் வரை வைரஸ் உயிரோடிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த காம்பரா எங்கே தப்பும்? கொழுந்தெடுக்கும் தாய்க்குக் கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும். அவள் பிந்துவதற்குக் காரணமுண்டு. பஸார் வீதியில் வீட்டோடிருக்கும் நமக்கு அந்தக் காரணமுமில்லை. கிளினிக் நாளன்று காய்ச்சல் என்றால் சும்மா இருந்துவிடாமல், மறு திகதியைக் குடும்பநல மாதுவிடம் கேட்டுப் பிள்ளையின் கார்டில் எழுதிக்கொள்ளுங்கள்.