பாடுகிறவர் மேல் பழி வேண்டாம்

ஏப்ரல் 29 பாரதிதாசன் பிறந்தநாள். அதற்கு ஒரு பாட்டுப் பாடிப் போடலாம் என்று முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ ஒரு மாணவர் வீட்டிலேயே பதிவு செய்ய உட்காருகிறார் என்று வையுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில் மைக்கைச் செருகி, ஹெட்போனை மாட்டிப் பாடினால் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை கேட்கிறது.

உடனே ஆளுக்கொரு தீர்ப்பு. "மைக் மட்டம்." "ரூம் எக்கோ, சுவரில் போர்வையைக் கட்டு." கடைசியில், "உனக்குத் தாளம் நிற்கவில்லை." இந்த மூன்றாவதுதான் அநியாயம்.

நடப்பது இதுதான். குரல் ஹெட்போனுக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, இன்டர்ஃபேஸுக்குள்ளேயே நேராக. இன்னொன்று, கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றிவிட்டு. மளிகைக் கடைக்காரர் சரக்கைக் கையிருப்பு வைத்துக்கொண்டு விற்பது மாதிரி, கம்ப்யூட்டரும் ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். அந்தக் கையிருப்புக்குப் பெயர் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால், 1024 சாம்பிள் பஃபருக்கு 23 மில்லிசெகண்ட். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, ஆக 46. கிட்டத்தட்ட 16 மீட்டர் தள்ளி நின்று இன்னொருவர் கூடவே பாடுவது போல! இதில் யாருக்குத் தாளம் நிற்கும்? சொந்தக் குரலையே தாமதமாகக் கேட்கவைத்தால் நன்றாகப் பேசுகிறவரும் திக்குவார் என்று பெர்னார்ட் லீ என்பவர் 1950-லேயே எழுதிவிட்டார்.

அறையின் மேல் சந்தேகமா? பதிவானதைப் போட்டுக் கேளுங்கள். அறை எக்கோ பதிவிலும் இருக்கும். பதிவில் ஒற்றைக் குரல், பாடும்போது மட்டும் இரட்டை என்றால் அறையும் மைக்கும் நிரபராதி. போர்வையை மடித்து வைத்துவிடலாம் :-)

இரண்டு வழியில் ஒன்றை மூட வேண்டும், அவ்வளவுதான். டைரக்ட் மானிட்டர் குமிழை அப்படியே விட்டு, மென்பொருள் பக்கத்தை அணைப்பது சுலபம். ஆடாசிட்டியில் சாஃப்ட்வேர் பிளேத்ரூ, மற்றவற்றில் அந்த டிராக்கின் மானிட்டர் பட்டன். விண்டோஸில் மைக்கின் 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக்கையும் ஒருமுறை பாருங்கள், சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

ரிவெர்ப் போட்டுக் கேட்டால்தான் பாட வரும் என்கிறவர்கள் மாற்றிச் செய்யலாம். டைரக்ட்டை அணைத்து, ஏஎஸ்ஐஓ டிரைவர் வைத்து, பஃபரை 128-க்கு இறக்கினால் ஒரு பக்கம் 3 மில்லிசெகண்ட்கூட இல்லை. ரொம்ப இறக்கினால் பழைய மெஷின் கரகரக்கும், அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ப்ளூடூத் ஹெட்போனுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. அதன் தாமதம் அதற்குள்ளேயே இருக்கிறது. பாடி முடிக்கும் வரைக்கும் யாரிடமாவது ஒயர் ஹெட்போன் கடன் வாங்கிக்கொள்ளலாம்.