ஆட்டு ரத்தத்துல ஆரம்பிச்ச கதை

சின்ன வெங்காய அறுவடை, ரெண்டு வாரமா எழுத முடியல. இன்னைக்கு விவசாயம் இல்லாத விசயம்.

பெரியண்ணன் மகள் கோயம்புத்தூர்ல பயோடெக்னாலஜி படிக்குது. லீவுக்கு வந்தப்ப, "சித்தப்பா, கேன்சரை கட்டி தெரியுறதுக்கு முன்னாடியே ரத்தத்துல கண்டுபிடிக்கப் பாக்குறாங்க"ன்னு சொல்லுச்சு. அதோட அம்மா, எங்க மதினி, கருப்பை வாய்ப் புற்றுநோயில போய் நாலு வருசம் ஆச்சு. புள்ள ஏன் அதையே தேடிப் படிக்குதுன்னு நான் கேட்கல.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் பொடிப் பொடிப் பைகளை வெளிய விடுதாம். எக்சோசோம்னு பேரு. 30-லருந்து 150 நானோமீட்டர். தலைமுடியை நீளவாக்குல ஆயிரம் கீத்தா வகுந்தா வர்ற அளவு. 1983-ல கனடாவுல ரோஸ் ஜான்ஸ்டோன்னு ஒரு அம்மா செம்மறியாட்டு ரத்தத்துல இதைப் பாத்திருக்காங்க. செல்லு குப்பை கொட்டுதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்களாம். அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு, பைக்குள்ள அந்தச் செல்லோட புரதம், ஆர்.என்.ஏ எல்லாம் இருக்குன்னு. புற்றுச் செல் விடுற பையில புற்றோட அடையாளம் இருக்கும். குப்பையைப் பாத்தா அந்த வீட்டுச் சமையல் தெரியுற மாதிரி.

சிக்கல் என்னன்னா, நல்ல செல்லும் பை விடுது, அதுவும் கோடிக்கணக்குல. நோய் ஆரம்பத்துல புற்றோட பை கொஞ்சமாத்தான் இருக்கும். ஒரு அம்பாரம் நெல்லுல நாலு களை விதையைத் தேடுற வேலை. 2015-ல கிளைபிகன்-1ங்கிற புரதத்தை வச்சு கணையப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம்னு அமெரிக்காவுல பெருசா சொன்னாங்க. மத்தவங்க செஞ்சு பாத்தப்ப அவ்வளவு தெளிவா வரல.

ஆராய்ச்சி நடக்கட்டும், எங்க புள்ளையும் அதுலயே போகட்டும். ஆனா என் கருத்து வேற. எங்க மதினிக்கு அந்த அளவு விஞ்ஞானம் தேவைப்படல. எங்க திண்டுக்கல் மாவட்டத்துலயே 2000-ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. பயிற்சி எடுத்த நர்சுங்க, 30-லருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்களுக்கு, வினிகர்ல இருக்கிற அதே அமிலத்தை நீர்க்கத் தடவி, வெள்ளையா மாறுதான்னு கண்ணால பாத்தாங்க. மாறுனா சிகிச்சை. அந்த ஊர்கள்ல இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைஞ்சதுன்னு 2007-ல லான்செட் பத்திரிகையில வந்துச்சு.

மதினி எட்டு மாசம் வாயைத் திறக்கல. கூச்சம். வீட்டுல நாங்க ஆறு பேரு, ஒருத்தரும் கேட்கல. மாடு ஒருவேளை தீனி எடுக்கலைன்னா டாக்டருக்குப் போன் போடுற ஆளுக நாங்க.

அதனாலதான் அந்த ரத்தப் பரிசோதனை வரணும்னு நானும் ஆசைப்படுறேன். சர்க்கரைக்கு ரத்தம் குடுக்க யாரும் கூச்சப்படுறதில்ல, கையை நீட்டிருவாங்க. ஆனா வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரணும். டவுன்ல ஆயிரக்கணக்குல வாங்குற லேபோட நின்னுச்சுன்னா எங்களுக்குப் புண்ணியமில்ல.

அதுவரைக்கும் இருக்கிறதைப் பயன்படுத்துங்க. அரசு ஆஸ்பத்திரியில 30 வயசுக்கு மேல உள்ள பெண்களுக்கு கருப்பை வாய், மார்பகப் பரிசோதனை இலவசமா செய்றாங்க. அடுத்த தடவ ஊருக்கு வரும்போது, அம்மாவையோ மதினியையோ கூடவே கூட்டிட்டுப் போங்க. "போய்ப் பாரும்மா"ன்னு போன்ல சொன்னா போக மாட்டாங்க.