லஸ் முனைக்கு வந்த லாஸ் வேகாஸ்

மயிலாப்பூர் லஸ் முனையில் ஆட்டோ ஓட்டும் தோழர் லாஸ் வேகாஸ் நகரைக் கண்டதில்லை. அந்நகரத்துச் சூதோ அவர் சட்டைப்பையிலிருக்கும் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது!

எப்படி? அங்கே போக்கர் உலகப் போட்டியின் முதன்மை ஆட்டத்துக்கு நுழைவுத் தொகை 10,000 டாலர். 1972 முதல் அதேதான். சீமான்கள் கட்டினார்கள், ஆடினார்கள். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் (பெயரைப் பாருங்கள்!) இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடி, அதன்வழி உள்ளே நுழைந்தார்; 25 லட்சம் டாலருடன் வெளியே வந்தார். அந்த ஒருவரைக் காட்டியே உலகெங்கும் வலை விரித்தனர். தோற்றவர் கணக்கை எவரும் விளம்பரப்படுத்தவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர் பலர் சொந்தப் பணத்தை மட்டும் வைத்து ஆடுவதில்லை. வெற்றியில் பங்கு விற்கிறார்கள், பணம் போட முதலாளி இருக்கிறான். நம் தோழருக்குப் பின்னால் இருப்பது எது? வீட்டு வாடகையும் வண்டித் தவணையும்!

தடுக்க நாம் 2022-இல் சட்டம் செய்தோம். ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. நவம்பரில் உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களென்று அவற்றை விடுவித்தது. டில்லியோ, கட்டும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு வரி என்று திருத்தம் போட்டதோடு இருந்துவிட்டது. தடைச் சட்டம் வந்தது 2025 ஆகஸ்டில்! இடையில் அடகுக்கடைக்குப் போன நகைகளை யார் மீட்டுத் தருவார்?