ஊக்கத்தொகைக்குச் சேமலாப நிதி எங்கே?

மாண்புமிகு தொழில் அமைச்சர் அவர்களுக்கு,

இறம்பொடையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மலைகளில் கொழுந்து பறித்து ஓய்கிற பெண்ணுக்கு, அரச ஊழியரைப் போல மாதாமாதம் ஓய்வூதியம் வருவதில்லை. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை என்று ஒருமுறை கைக்கு வரும் காசுதான். அது பழைய கடனுக்கும் பிள்ளையின் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது.

அந்தக் காசும் சம்பளத்தை வைத்தே வளர்கிறது. தொழிலாளி நூற்றுக்கு 8, தோட்டம் 12, நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மேலும் 3. ஆகவே எதைச் சம்பளம் என்கிறோம் என்பதில்தான் அவளுடைய முதுமை இருக்கிறது. 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,550 ரூபாய். வருகைக்கான ஊக்கத்தொகை 200 ரூபாயை அரசு தருகிறது. 1,750 என்று மேடைகளில் பேசப்படுகிறது. அந்த 200 ரூபாயும் சம்பளமாகியிருந்தால், நாளுக்கு 46 ரூபாய் அவள் பேரில் சேரும். அதில் 16 ரூபாய் அவளுடைய பங்கு; மீதி 30 ரூபாய் அவளுக்கு வராமலே போகிறது. 25 நாள் வேலைக்கு அது 750 ரூபாய். முப்பது வருடத்துக்கு வட்டியோடு கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைக்காசுக் கொழுந்தின் நிலை இன்னும் மோசம். கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுத்துக் காசு கொடுத்தால் அன்றைக்கு வேலைநாளாகப் பேர் விழாது, நிதியும் சேராது. மலையைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை விலைக்கு வாங்கும் முறையில், அவள் தொழிலாளி என்ற கணக்கிலேயே இல்லை.

சேர்ந்த பணத்துக்கும் காவல் போதவில்லை. 2022இல் விலைவாசி எழுபது வீதம்வரை ஏறியபோது, அங்கத்தவருக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஓய்வுகால நிதிகளுக்கோ நீண்டகால முறிகளுக்கு மாறு, இல்லையேல் 14 வீத வரிக்குப் பதில் 30 வீதம் கட்டு என்றார்கள். நாட்டின் கடன்சுமையை வங்கியைவிட லயத்துக் கிழவி தாங்கட்டும் என்பது அநியாயம்.

மாத ஓய்வூதியம் வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் 2011இல் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தைத் தொழிலாளரைக் கேட்காமல் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துப் போராடியவர்கள் மீது கட்டுநாயக்கவில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஓர் இளைஞர் உயிரிழந்தார், சட்டமூலமும் கைவிடப்பட்டது. அந்த வழியில் போகாதீர்கள்.

முதலில் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். ஊக்கத்தொகையையும் கைக்காசையும் சேமலாப நிதிக்குரிய சம்பளமாக்கச் சட்டத்தைத் திருத்துங்கள். கட்டாமல் வைத்திருக்கும் தோட்டங்களிடமிருந்து, அரச தோட்டங்கள் உட்பட, நிலுவையை அறவிடுங்கள். ஓய்வூதியத் திட்டத்தை அதற்குப் பிறகு எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.