20-க்கு 20 வாங்கிய பிள்ளையும் அடுத்த பாடத்தில் திணறுவது ஏன்? ஒரு நிமிடக் கணக்கு சொல்லும் பதில்!

ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள். வாய்ப்பாட்டுத் தேர்வில் இருவருக்குமே 20-க்கு 20. ஆனால் ஒரு பிள்ளை ஒரே நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டது. மற்றது விரல்விட்டு எண்ணி, அழித்து அழித்து எழுதி, ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. மார்க் ஷீட்டில் இருவரும் சமம். அடுத்து வகுத்தல் கணக்கு வருகிறது. முதல் பிள்ளை சுலபமாகத் தாண்டிவிடுகிறது. இரண்டாவது பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. 'இவனுக்குக் கணக்கு வராது' என்ற முத்திரையும் விழுந்துவிடுகிறது.

குறை பிள்ளையிடமா, நாம் அளந்த விதத்திலா?

அப்பா பார்த்த கணக்கு வகுப்பு

1953 நவம்பர் 11. அமெரிக்க உளவியல் அறிஞர் பி.எஃப்.ஸ்கின்னர், நான்காம் வகுப்பில் படித்த தன் மகளின் கணக்கு வகுப்புக்குப் பார்வையாளராகப் போனார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். சிலர் திணறிக்கொண்டிருந்தார்கள். போட்ட விடை சரியா, தவறா என்பது அப்போதே யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர், சில நாள்களிலேயே கற்பிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார்.

அவருடைய ஹார்வர்டு மாணவர் ஆக்டன் லிண்ட்ஸ்லி வேறு வழியில் போனார். ஸ்கின்னரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. எலி எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்றால் தவறு எலியுடையது அல்ல, சோதனையை அமைத்தவருடையது. 1965-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன லிண்ட்ஸ்லி, அந்த விதியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால், மாற்றவேண்டியது கற்பிக்கும் முறையை! இப்படிப் பிறந்ததுதான் 'பிரிசிஷன் டீச்சிங்'.

எப்படி அளக்கிறார்கள்?

தினமும் ஒரு நிமிடம். அந்த நேரத்தில் எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணி வரைபடத்தில் குறிக்கிறார்கள். சரிக்கு ஒரு புள்ளி, தவறுக்கு ஒரு பெருக்கல் குறி. பல இடங்களில் பிள்ளைகளே தங்கள் வரைபடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

லிண்ட்ஸ்லி வடிவமைத்த அந்த வரைபடம் 140 நாள்களுக்கானது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 5-லிருந்து 10-க்குப் போவதும், 40-லிருந்து 80-க்குப் போவதும் அதில் ஒரே உயரம்தான். இரண்டுமே இரு மடங்கு வளர்ச்சி என்பதால் இப்படி அமைத்தார். சாதாரண வரைபடத்தில் 5-லிருந்து 10-க்கு வந்த பிள்ளையின் உழைப்பு கண்ணுக்கே தெரியாது. இதில் பளிச்செனத் தெரியும்.

சில நாள்கள் கோடு ஏறாமல் கிடந்தால், ஆசிரியர் ஆண்டுத்தேர்வு வரை காத்திருப்பதில்லை. பாடத்தைச் சிறு துண்டாக்குகிறார், அல்லது பயிற்சியை மாற்றுகிறார். பிறகு மறுபடி அளக்கிறார்.

பலன் கிடைத்ததா?

1970-களில் மொன்டானா மாநிலத்தின் கிரேட் ஃபால்ஸ் நகரில், சகாஜவியா தொடக்கப்பள்ளியில் தினமும் 20 முதல் 30 நிமிடம் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். நான்கு ஆண்டு முயற்சியில், அந்தப் பிள்ளைகள் பொதுத் திறன் தேர்வில் அதே மாவட்டத்தின் மற்ற பிள்ளைகளைவிட 19 முதல் 40 பெர்சன்டைல் வரை மேலே வந்தார்கள். 100 பேர் கொண்ட வரிசையில் அத்தனை இடம் முன்னால் வந்ததற்குச் சமம் இது.

சியாட்டில் நகரில் 1980-ல் கென்ட் ஜான்சன் தொடங்கிய மார்னிங்சைடு அகாடமியும் இதே வழியில் நடக்கிறது. படிப்பில் மிகவும் பின்தங்கிய பாடத்தில் ஓராண்டில் இரண்டாண்டு முன்னேற்றம் வராவிட்டால், கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவே அந்தப் பள்ளி உறுதி சொன்னது.

நேரம் வைத்துச் சோதித்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று எச்சரிக்கும் கல்வியாளர்களும் உண்டு. அந்தக் கவலை நியாயமானதே. அதனால்தான் இந்த ஒரு நிமிடத்துக்கு மார்க் இல்லை, ரேங்க் இல்லை. பிள்ளை போட்டியிடுவது தன்னுடைய நேற்றைய எண்ணோடு மட்டும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

* வாசிப்போ வாய்ப்பாடோ, ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
* போனில் ஒரு நிமிட டைமர் வையுங்கள். பிள்ளையே அதை அழுத்தட்டும்.
* சரி, தவறு இரண்டையும் எண்ணி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.
* அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரோடும் ஒப்பிட வேண்டாம்.
* ஒரு வாரம் ஆகியும் எண் நகரவில்லையா? திட்டாதீர்கள். 7-ம் வாய்ப்பாடு முழுவதையும் விட்டு, முதல் ஐந்து வரியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஏறவில்லை என்றால், இன்னும் பின்னால் போய் 3-ம் வாய்ப்பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை எங்கே நின்றுபோனது என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.